அரசருக்குச் சத்தியம் செய்யாத மனுசன்

அவரை ‘ஓம்’, ஆமாம் என்று சொல்லவைப்பது லேசில்லை. “ரீ குடிப்பமோ அண்ணை?” என்று கேட்டால் “பாப்பம்” என்பார். பிறகு இரண்டு கோப்பை குடிப்பார். ஆனால் ஓம் வராது. ஒருமுறை தெரிந்தவர் வீட்டில் பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தோம். “தகப்பனை உரிச்சு வைச்சிருக்கு, என்ன?” என்று தாய் கேட்டாள். எல்லோரும் ஓமோம் என்றோம். இவர் மட்டும் தொட்டிலுக்குள் குனிந்து கனநேரம் பார்த்துவிட்டு, “இன்னும் சொல்லேலாது” என்றார்.

திரும்பி வரும்போது காருக்குள் எனக்குக் கோபம். “ஒரு ஓம் சொன்னால் என்ன குறைஞ்சு போகும் அண்ணை?”

“எனக்குத் தெரியாததை எப்பிடித் தம்பி ஓம் எண்டுறது?”

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அது அவருக்கு விளங்கவில்லை. அவர் எனக்கு விளங்காமல் போனதும் அந்த இடத்தில்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் ரொறொன்ரோவுக்குக் கிழக்கே ஒஷாவாவில் ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்தோம். வீடும் மில்லிக்கனில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில். ஒரு கிழமை என் கார், மறு கிழமை அவருடைய கார் என்று பத்து வருடத்துக்கு மேல் ஒன்றாகப் போய் வந்தோம். வேலையிடத்தில் வருடத்துக்கு ஒருமுறை சுப்பவைசர் பாதுகாப்பு விதிகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து நீட்டுவான். ‘வாசித்தேன், விளங்கிக்கொண்டேன், உடன்படுகிறேன்’ என்று கடைசியில் இருக்கும். நாங்கள் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்து வைத்துவிட்டு லைனுக்குப் போவோம். அவர் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசிப்பார். லைன் நிற்கும். சுப்பவைசர் கத்துவான். அவர் ஒரு பந்தியில் விரலை வைத்து, “இது எனக்கு விளங்கேல்லை, விளங்கப்படுத்து” என்று இங்கிலிஷில் அமைதியாகக் கேட்பார். அவனுக்கும் அது விளங்கியிருக்காது. கடைசியில் மனேஜர் இறங்கி வரவேண்டியிருக்கும். சில வருடங்களில் சுப்பவைசருக்குப் பழகிப்போயிற்று. அந்தத் தாள்கட்டை அவருக்கு மட்டும் முதல் நாளே கொடுத்துவிடுவான்.

பள்ளிக்கூடத்து உயர்தர வகுப்பில் அவர் ஊரில் படித்த பாடங்களில் ஒன்று ஐரோப்பிய வரலாறு. நானும் அதைப் படித்தவன்தான். நான் சோதனைக்குப் படித்தேன், அவர் அதை நம்பிவிட்டார். வரம்பிலா முடியாட்சி, தெய்வீக உரிமை, சமூக ஒப்பந்தம், அதிகாரத்தை மூன்றாகப் பிரிக்கும் வலுவேறாக்கம் என்று நான் மறந்துபோன சொற்களெல்லாம் நெடுஞ்சாலையில், பனிக்குள், அவருடைய வாயிலிருந்து சுடச்சுட வரும். பிரான்ஸ் ராசா காலையில் எழும்பிச் சட்டை போடுவதற்கு ஒரு பிரபு வலது கையையும் இன்னொரு பிரபு இடது கையையும் பிடிப்பார்களாம். அதைச் சொல்லும்போது ஸ்ரேறிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் காட்டுவார். நான் பயந்துபோய் ரோட்டைப் பார்ப்பேன்.

“உவங்களுக்கு ஆர் அதிகாரம் குடுத்தது? கடவுள் குடுத்ததெண்டு தாங்களே சொல்லிச்சினம். பிறகு நாலு பேர் இருந்து யோசிச்சு, இல்லை, சனம் குடுத்தது, சனம் திருப்பியும் எடுக்கலாம் எண்டு எழுதிச்சினம். அவ்வளவுதான் தம்பி. உலகம் மாறினது அதாலதான்.”

அவர் அதிகம் கதைத்தது ஒரு ரஷ்ய மகாராணியைப் பற்றி. சிந்தனையாளர்களுக்குக் கடிதம் எழுதுவாளாம், அவர்களைக் கூப்பிட்டு உபசரிப்பாளாம், நல்ல சட்டம் எப்படி இருக்கவேண்டும் என்று தானே எழுதினாளாம். “ஆனால் பண்ணையடிமையளை விட்டவளோ? விடேல்லை. அவளுக்கு எல்லாம் விளங்கினது. விளங்கியும் விடேல்லை.” இதைச் சொல்லும்போது அந்த அரசியிடம் ஏமாந்துபோனவர்போல இருக்கும் முகம்.

இந்த நாட்டில் சிற்றிசன் ஆவதென்றால், கடைசியில் ஒரு மண்டபத்தில் எழும்பி நின்று வலக்கையை உயர்த்தி, அரசருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்யவேண்டும். நான் செய்தபோது மகாராணி இருந்தார். என் நினைவெல்லாம் வெளியில் பார்க்கிங் முடியப்போகிறதே என்பதில் இருந்தது. எல்லோரோடும் சேர்ந்து சத்தமாகச் சொன்னேன், கையெழுத்து வைத்தேன், கேக் சாப்பிட்டேன். அவருடைய மனைவியும் அப்படித்தான். மகள் இங்கே பிறந்தவள், அவளுக்குத் தேவையில்லை. அவர் மட்டும் கால் நூற்றாண்டு கழிந்தும் நிரந்தர வதிவிட அட்டையைப் புதுப்பித்துப் புதுப்பித்து வைத்திருந்தார்.

“இஞ்ச ராணி எண்டுறது காசுத்தாளில இருக்கிற ஒரு படம் அண்ணை” என்பேன்.

“அப்ப படத்துக்கு ஏன் சத்தியம்?”

“சும்மா பேருக்கு.”

“பேருக்கெண்டால் சொல்லாமல் விடலாந்தானே. வாரிசுகளுக்கும் எண்டு வேற சொல்லுறாங்கள். இன்னும் பிறக்காத பிள்ளைக்கு நான் இப்பவே ஓம் சொல்லோணும். அது எப்பிடிப்பட்ட பிள்ளையோ.”

 எனக்கு எரிச்சல் வரும். ஏனென்றால், குடிமக்களின் சம்மதம்தான் அரசு என்று மூச்சுக்கு மூச்சு சொன்ன அந்த மனுசன் இங்கே ஒரு வாக்கும் போட்டதில்லை. போட முடியாது. தேர்தல் நாளில் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் வாக்குச்சாவடியில் இறக்கிவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெளியில் இருப்பார். நான் வந்ததும், “சனம் வந்திருக்கோ?” என்று மட்டும் கேட்பார்.

அவருடைய தம்பி பாரிசில் இருந்தார். வருத்தம் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவரிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் ஒரு பயணப் பத்திரம் மட்டும். அதற்கு விசா எடுக்கவேண்டும். மனைவியின் நீலப் பாஸ்போட்டுக்கு ஒன்றும் தேவையில்லை, ஆனால் இவரில்லாமல் தான் மட்டும் போக மனமில்லாமல் மனைவியும் நின்றுவிட்டார். விசா வருவதற்குள் தம்பி போய்விட்டார். செத்தவீட்டைப் போனில் பார்த்தார்கள். நானும் பக்கத்தில் இருந்தேன். படம் நின்று நின்று வந்தது.  அதற்குப் பிறகாவது மாறுவார் என்று நினைத்தேன். மாறவில்லை.

இதெல்லாம் கொள்கை என்று வைத்துக்கொண்டால் நான் குழம்பியிருக்கமாட்டேன். என்னைக் குழப்பியது அவருடைய வீடு.

அந்த வீட்டில் அவர்தான் ராசா. ஹீற்றரைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிக்கு மேல் பிளாஸ்ரிக் மூடி போட்டுப் பூட்டி, சாவியைத் தன்னுடைய கார்ச் சாவியோடு கோர்த்து வைத்திருந்தார். மனைவி தை மாதத்தில் வீட்டுக்குள் இரண்டு ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு சமைப்பார். என்ன சோபா வாங்குவது, எந்தக் கலியாணத்துக்குப் போவது, மகள் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவது, எல்லாம் அவருடைய வாயிலிருந்து வரும். கோபமாக வராது. எல்லோரிடமும் அபிப்பிராயம் கேட்பார், தலையாட்டி ஆட்டிக் கேட்பார். பிறகு முன்னமே முடிவெடுத்ததைச் சொல்வார். அப்போதெல்லாம் அவருக்குள் அந்த ரஷ்ய ராணியை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். அவர் கண்டாரா என்பது எனக்குத் தெரியாது.

மகள் ஆரணி பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த வருடம் அது. ஹலிஃபாக்ஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் கடலியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. அவர் வேண்டாம் என்றுவிட்டார். ரொறொன்ரோவில் இல்லாத படிப்பா, வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பது அவருடைய தீர்ப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் அவர்களுடைய சமையலறை மேசையில் இருந்தேன். ஆரணி வந்து தகப்பனுக்கு முன்னால் இருந்தாள்.

“அப்பா, ஹிஸ்ரரி கிளாசில ஒரு கொஸ்ரின். ராசாக்களுக்கு ஆர் பவர் குடுத்தது?”

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. காரில் எனக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்கும் சொன்னார். கடவுள், சனம், ஒப்பந்தம், ஒப்பந்தத்தை ஆள்பவன் முறித்தால் சனம் அதிகாரத்தைத் திருப்பி எடுக்கலாம், எல்லாம். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“ஓகே. அப்ப இந்த வீட்டில உங்களுக்கு ஆர் குடுத்தது? பிகோஸ் நான் குடுக்கேல்லை. அம்மாவும் குடுக்கேல்லை, ஐ ஆஸ்க்ட் ஹேர்.”

மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார். இவர் மேசையில் கையை வைத்தபடி இருந்தார். “நான் தகப்பன்” என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். எந்தத் தகப்பனும் அதைத்தான் சொல்லியிருப்பான். அவர் சொல்லவில்லை. ரீயை முடிக்காமலே எழும்பி நிலவறைக்குப் போய்விட்டார்.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது, நான் கேட்காமலே சொன்னார்.

“நான் ஒருக்கா சத்தியம் பண்ணினனான் தம்பி. ஊரில. பதினெட்டு வயசில. ஏனெண்டு கேக்காமல் ஓமெண்டு சொன்னனான்.”

யாருக்கு, எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்குள் போர்க்காலத்துக் கதையை அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை. இவ்வளவு காலமும் அவர் ஓம் சொல்லாதது படித்த வரலாற்றாலா, இந்தச் சத்தியத்தாலா என்று அன்றைக்கு எனக்குத் தலை சுற்றியது. வீட்டடியில் இறங்கும்போது, “ஞாயிற்றுக்கிழமை வாரும், அலுவல் இருக்கு” என்றார்.

போனேன். மேசையைச் சுற்றி மூன்று பேரும் இருந்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

“இனிமேல் இந்த வீட்டில தீர்மானம் எடுக்கிறது மூண்டு பேரும். ஆளுக்கு ஒரு வாக்கு. நிறைவேற்றுறது நான். பிணக்கு வந்தால் தீர்ப்புச் சொல்லுறது இவர்.” என்னைக் காட்டினார். “மூண்டும் ஒரு கையில இருக்கக் கூடாது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

முதல் தீர்மானம் ஆரணியுடையது. ஹீற்றர்ப் பூட்டு. இரண்டுக்கு ஒன்று. அவர் எழும்பிப்போய்த் தன்கையால் பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அடுத்தது ஹலிஃபாக்ஸ். ஆரணி கையைத் தூக்கினாள். மனைவி கனநேரம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கியபோது அவருடைய கண் கலங்கியிருந்தது. இவர் மட்டும் எதிர்த்து வாக்களித்தார், தோற்றார், “சரி” என்றார். அந்தச் சரியைச் சொல்ல அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

முடிந்துவிட்டது என்று நினைத்து எழும்பப் போனேன். மனைவி, “எனக்கும் ஒண்டு இருக்கு” என்றார். “நீங்கள் சத்தியம் எடுத்துச் சிற்றிசன் ஆகவேணும்.”

இவருடைய முகம் வெளிறியது. “உதுக்கு வாக்கெடுப்பு வைக்கேலாது. உது மனச்சாட்சி. பெரும்பான்மை எண்டாப்போல ஒருத்தன்ர மனச்சாட்சியைத் தொடேலாது.” என் பக்கம் திரும்பினார். “நீர் சொல்லும். உம்மடை வேலை அதுதான்.”

நான் நீதவானாக இருந்த முதல் வழக்கு அது. அவர் சொன்னது சரி என்று பட்டது. வாயைத் திறக்குமுன் மனைவி பேசினார். சத்தமில்லாமல்தான் பேசினார்.

“எயார்போட்டில நானும் பிள்ளையும் ஒரு லைன், நீங்கள் வேற லைன். ஒவ்வொரு முறையும் உங்களை உள்ள விடுவாங்களோ எண்டு நான் அங்கால நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். தம்பியின்ர முகத்தை நானும் கடைசியாப் பாக்கேல்லை. மனச்சாட்சி உங்களுக்கு. அதின்ர பாரம் எனக்குமெல்லோ.”

அதுவும் சரி என்று பட்டது.

“எனக்குத் தெரியேல்லை அண்ணை” என்றேன்.

அவர் என்னைக் கோபிக்கவில்லை. வெளியே பார்த்தார். முற்றத்துப் பனியில் ஒரு அணில் ஓடிக்கொண்டிருந்தது. “நீதவான் தடுக்கேல்லை. அப்ப வாக்கெடுப்புச் செல்லும்” என்றார். இரண்டுக்கு ஒன்று. சனம் வாக்களித்து ஒரு மனுசனை அரசனுக்குச் சத்தியம் செய்ய அனுப்பியது வரலாற்றில் எங்கேயாவது நடந்ததோ எனக்குத் தெரியாது. அந்த மேசையில் நடந்தது. அன்றைக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய தீர்ப்பு எது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் ஒன்று வரும், மறுநாள் மற்றது வரும்.

விண்ணப்பம் போட்டு முறை வருவதற்கு நாள் எடுத்தது. அதற்குள் மகாராணி காலமாகி மகன் அரசரானார். “பாத்தீரோ, வாரிசு” என்றார் காருக்குள். குடியுரிமைச் சோதனையில் ஒரேயொரு கேள்வி பிழைத்தது. எந்தக் கேள்வி என்று அவர்கள் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆரணி ஹலிஃபாக்ஸுக்குப் போய்விட்டாள்.

சத்தியம் எடுக்கிற அன்று நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். பெரிய மண்டபம், எல்லா நாட்டுச் சனமும். நானும் அவருடைய மனைவியும் பின்னால் விருந்தினர் கதிரையில் இருந்தோம். அவர் கோட் போட்டு வலக்கையை உயர்த்தி முன்னால் நின்றார். நீதிபதி இங்கிலிஷில் துண்டு துண்டாகச் சொல்ல, சனம் திருப்பிச் சொன்னது. எங்களுக்குத் தெரிந்தது அவருடைய பின்பக்கம் மட்டும்.

“சொல்லுறாரோ?” என்று மனைவி காதுக்குள் கேட்டார்.

“தெரியேல்லை அக்கா.”

தாடை அசைந்ததா இல்லையா என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் பிடிபடவில்லை. பிறகு நீதிபதி அதையே பிரெஞ்சில் தொடங்கினார். சனத்தின் சத்தம் பாதியாகக் குறைந்தது. அப்போதுதான் ஒரு குரல் கேட்டது. தெளிவாக, உச்சரிப்புப் பிசகாமல், மண்டபத்தில் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. அவர்தான். ஒரு சொல் விடாமல் முழுவதையும் பிரெஞ்சில் சொன்னார்.

கார்நிற்பாட்டும் இடத்தில் கேட்டேன். “இங்கிலிஷில சொன்னீங்களோ அண்ணை?”

“ஏதாவது ஒரு பாசையில சொன்னாக் காணும். நான் சட்டத்தை வாசிச்சனான்.”

“அப்ப ஏன் பிரெஞ்ச்?”

“பிரான்ஸ் ராசாவுக்கு அந்தப் பாசையில பண்ணின சத்தியம் எவ்வளவு காலம் நிண்டதெண்டு படிச்சனீர்தானே” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

சரி, இதுதான் அவருடைய தந்திரம் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் கார் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தபோது மனைவி மெதுவாகச் சொன்னார். “உதை நம்பாதையுங்கோ. தம்பியின்ர மனிசிக்கு ஒவ்வொரு கிழமையும் பாரிசுக்குப் போன் எடுத்து, அவ சொல்லிக் குடுக்கக் குடுக்கப் பழகினவர். ஒருநாள் பழகேக்க அழுதவர்.”

அந்தச் சத்தியம் நக்கலா, தம்பிக்குச் செலுத்திய கடனா, இரண்டும்தானா? நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

பிறகு எங்கள் தொழிற்சாலை மூடப்பட்டது. நான் மார்க்கம் என்ற ஊரில் வேறு வேலைக்குப் போனேன். அவரைக் காண்பது குறைந்தது. கொஞ்ச வருடத்தில் அவர்கள் வீட்டை விற்றுக் கிழக்குக் கரைப்பக்கம் போய்விட்டார்கள். அதற்கு முன்னர் ஒரு மாசி மாதச் சனிக்கிழமை காலையில் போன் வந்தது.

“உடனை வாரும். வாக்குச் சமனாப் போச்சு. இப்ப வீட்டில ரெண்டே ரெண்டு பேர்.”

போனேன். மனைவி கதவைத் திறந்தார். வீடு கதகதவென்று இருந்தது. ஆரணிக்குக் காய்ச்சலாம். வரவேண்டாம், தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாளாம். மனைவிக்கு உடனே போய்ப் பார்க்கவேண்டும்.

“நான் எதிர்” என்றார் அவர், சோபாவில் நிமிர்ந்து இருந்து. “அவள் வரவேண்டாமெண்டு சொல்லிப்போட்டாள். அது அவளின்ர இடம். அவளின்ர சம்மதம் இல்லாமல் உள்ளிடக் கூடாது. ரெண்டு நாள் ஓட்டம் வேற, ரோட்டெல்லாம் பனி. நீர் யோசிச்சுச் சொல்லும்.”

நியாயமாகத்தான் இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். வீட்டுக்குள் பனிக்காலப் பூட்ஸ் போட்டிருந்தார். ஜக்கெற்றின் சிப் கழுத்துவரை ஏற்றியிருந்தது. யன்னலுக்கு வெளியே அவருடைய கார் ஸ்ராட்டில் நின்று புகை விட்டுக்கொண்டிருந்தது. பின் சீற்றில் சோற்றுக்குக்கர்ப் பெட்டியும் கம்பளியும் தெரிந்தன.

“நான் அக்காவின்ர பக்கம்” என்றேன்.

“தோத்துப்போனன்” என்று சொல்லிக்கொண்டே எழும்பினார். சொல்லி முடிக்கும்போது அவர் வாசல்படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.